பறக்கும் தட்டில் சோறு இருக்கணும்ல?

உட்காரவே மாட்டாள். அவளை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அதுதான். கொடைக்கானல் கடைத்தெருவில் என் கம்பளிக் கடைக்கும் அவளுடைய கடைக்கும் நடுவில் ஒரு பலகைச் சுவர்தான் இருந்தது. அந்தப் பக்கம் அவள் நடப்பது இந்தப் பக்கம் எனக்குக் கேட்கும். சாப்பிடுவதும் நின்றபடி, செல்போனைப் பிரித்துப் பழுது பார்ப்பதும் நின்றபடி. பார்க்கச் சகிக்காமல் ஒரு முக்காலி வாங்கிக் கொடுத்தேன். அதன் மேல் சார்ஜர் டப்பாக்களை அடுக்கி வைத்துவிட்டாள். "ஏம்மா, கால்ல சக்கரமா கட்டியிருக்கு?" என்று கேட்டால், "உக்காந்தா யோசனை நின்னுருது பாய்" என்பாள்.

செல்போன் வேலைக்கு வருவதற்கு முன்னால் அதே கடையில் சினிமா சிடி வாடகைக்குக் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஊர்க்காரர்கள் நம் பக்கத்துப் படங்களைத்தான் கேட்டு வருவார்கள். இவளோ தமிழில் பேசவைத்த இங்கிலீஷ் விண்வெளிப் படமாகப் பார்த்து அவர்கள் தலையில் கட்டுவாள். "சண்டைப் படம் குடுக்கா" என்று வந்தவன் செவ்வாய்க் கிரகத்தோடு வீட்டுக்குப் போவான். மறுநாள் வந்து ஒண்ணும் புரியவில்லை என்று கத்துவான். "புரியலேன்னா இன்னொரு தரம் பாரு" என்று அதையே திரும்பக் கொடுத்து அனுப்புவாள். இப்படி இருந்தால் வியாபாரம் எங்கே உருப்படும், நீங்களே சொல்லுங்கள்.

அவள் படம் பார்க்கிற லட்சணமே தனி. கதாநாயகன் குத்துயிரும் குலையுயிருமாகக் கிடப்பான், இவள் ரிமோட்டை அமுக்கிப் படத்தை நிறுத்துவாள். "பாய், இங்க வாங்க, வெரசா வாங்க!" என்று பலகைச் சுவரைத் தட்டுவாள். என்னவோ ஏதோ என்று வாடிக்கையாளரை விட்டுவிட்டு ஓடுவேன். அங்கே அவனுக்குப் பின்னால் இருக்கிற கதவை விரலால் தொட்டுக் காட்டிக்கொண்டு நிற்பாள்.

"தொடாமத் தொறக்குது, பாத்தீங்களா?"

"அவன் சாகப் போறாம்மா."

"அவன் கெடக்கான். கதவப் பாருங்க."

கதை அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை. அந்தப் படங்களில் மேஜை மேல் என்ன இருக்கிறது, கையில் என்ன வைத்திருக்கிறார்கள், சமையல் எப்படி நடக்கிறது, இதுதான் அவளுக்கு வேண்டும். ஒருத்தி கையகலக் கண்ணாடிக்குள் தெரிகிற புருசனோடு பேசுகிற காட்சியை மட்டும் சிடி தேய்ந்துபோகும் அளவுக்குத் திரும்பத் திரும்பப் போட்டாள். "பாத்தாச்சுல்ல, வந்துரும்" என்பாள். அவள் வாயில் எந்நேரமும் அந்த ஒரு வார்த்தைதான். சில வருசம் கழித்து என் மகன் துபாயிலிருந்து செல்போனில் முகம் காட்டிப் பேசியபோது, பலகைச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது: "வந்துருச்சா இல்லையா பாய்?" எனக்கு வந்த எரிச்சல் இருக்கிறதே! மகனோடு நிம்மதியாக நாலு வார்த்தை பேசவிடவில்லை.

"எல்லாம் டூப்பு. காசு பண்ணறதுக்கு எவனோ கட்டிவிட்ட பொய்" என்று நான் ஒருநாள் வாதம் பண்ணினேன்.

"பொய்தான் பாய். யாரு இல்லேன்னா? மொதல்ல ஒருத்தன் பொய் சொல்லணும். நல்லாச் சொல்லணும். அதப் பாத்து எங்கயோ ஒருத்தனுக்குத் தூக்கம் கெட்டுப் போகணும். அவன் செஞ்சுருவான். விளங்குதா?"

இந்த 'விளங்குதா' சிலோன் பேச்சு. அவளுடைய அப்பா அம்மா அங்கே தேயிலைத் தோட்டத்து லயத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீட்டில் பிறந்து, கப்பலில் இங்கே திரும்பி வந்து, இந்த மலையில் கூலி வேலைக்குத் தங்கியவர்கள். இவள் பிறந்தது இங்கேதான். ஆனால் கோபமோ சந்தோசமோ வந்தால் அந்தப் பேச்சு எட்டிப் பார்க்கும்.

ஏரிப் பக்கம் ஒரு பெரிய ஓட்டலில் தானாகத் திறக்கிற கதவு போட்டார்கள் என்று கேள்விப்பட்டதும் என்னை இழுத்துக்கொண்டு போனாள். போனாள், வந்தாள். மறுபடியும் போனாள், வந்தாள். கதவும் சளைக்காமல் திறந்து திறந்து மூடியது. வாட்ச்மேன் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "அக்கா, ரூம் வேணுமா வேணாமா?" என்று கேட்டான். "எனக்குக் கதவுதான் வேணும் தம்பி" என்றாள். வெட்கத்தில் நான் எதிர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டேன்.

கடைத்தெருவில் அவளுக்குத் 'தட்டக்கா' என்று பெயர். அந்தப் பெயர் வந்த கதையை அவளே ஒரு மழை நாளில், ஆள் நடமாட்டம் இல்லாத நேரத்தில் சொன்னாள். சின்னப் பிள்ளையில் அப்பாவும் அம்மாவும் விடிவதற்குள் வேலைக்குப் போய்விடுவார்களாம். இவளும் தங்கச்சியும் வீட்டில். அம்மா வந்து உலை வைத்தால்தான் சோறு. ஒருநாள் அப்பா டீக்கடையில் யாரோ பேப்பர் படித்ததைக் கேட்டுவிட்டு வந்து, வெளிநாட்டில் ஆகாசத்தில் பறக்கும் தட்டைப் பார்த்தார்களாம் என்று சொல்லியிருக்கிறார். இவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டிருக்கிறாள். "அதுல என்ன இருந்துச்சுப்பா?"

அவர் என்ன சொல்லுவார், பாவம்! யாருக்குத் தெரியும், இறங்காமல் போய்விட்டதாம் என்றிருக்கிறார். இவள் தங்கச்சிக்குக் கதையை முடித்து வைத்தாள். அம்மா வர நேரமாகிற வீட்டுப் பிள்ளைகளுக்கு அதில் சோறு வருகிறது, வழி தெரியாமல் வேறு ஊருக்குப் போய்விட்டது, நாளைக்கு இங்கே வரும். அக்காளும் தங்கச்சியும் சாயங்காலமானால் வெளியே நின்று மேலே பார்த்துக்கொண்டிருப்பார்களாம். பள்ளிக்கூடத்தில் பறக்கும் தட்டு வரையச் சொன்னபோது எல்லாப் பிள்ளைகளும் விளக்கு வைத்த தொப்பி மாதிரி ஒன்றை வரைய, இவள் ஒரு எவர்சில்வர் தட்டு, அதில் சோறு, குழம்பு, ஓரத்தில் ஒரு அவிச்ச முட்டை, ரெண்டு பக்கமும் றெக்கை என்று வரைந்தாள். வகுப்பே உருண்டு புரண்டு சிரித்திருக்கிறது. அன்றைக்கு ஒட்டிக்கொண்ட 'தட்டு'தான் கடைத்தெரு வரைக்கும் கூடவே வந்தது.

"இப்பத்தான் தெரியுமே, அதுல வேற்றுக் கிரகத்து ஆளுக வருவாகன்னு" என்றேன்.

"தெரியும் பாய். ஆனா தட்டுன்னா சோறு இருக்கணும்ல? வெறுந் தட்டு எதுக்குப் பறக்கணும்?"

யாரோ ஒரு பத்திரிகைக்காரர் என்றைக்கோ 'தட்டு' என்று எழுதிவிட்டுப் போய்விட்டார். 'வட்டு' என்று எழுதியிருந்தால் இவள் என் முக்காலியில் நிம்மதியாக உட்கார்ந்திருப்பாள்.

தைப்பூசத்துக்குப் பழனிக்குப் போவாள். பாதயாத்திரை வருகிறவர்களுக்கு சார்ஜர், பவர் பேங்க் எல்லாம் விற்க அடிவாரத்தில் ஒரு தள்ளுவண்டி போடுவாள். என் மச்சானுக்கு அங்கே கடை இருப்பதால் நானும் போவேன். ஒரு வருசம் ரோபோ ஜோசியம் வைத்திருந்தார்கள். நீங்கள் திருவிழாக்களில் பார்த்திருப்பீர்கள். தகர உடம்பு, பல்பு கண், பக்கத்தில் தொங்குகிற ஹெட்போன். ஹெட்போனை மாட்டினால் அது ஜோசியம் சொல்லும். இவள் மாட்டிக்கொண்டாள். கொஞ்ச நேரம் கேட்டாள். பிறகு அதனுடைய பல்பு கண்ணைப் பார்த்துக் கேள்வி கேட்க ஆரம்பித்தாள்.

"மனசுல ஒரு காரியம் ஓடுதுன்னியே, என்ன காரியம் சொல்லு?"

அது பாட்டுக்குச் சனிப்பெயர்ச்சியைப் பேசிக்கொண்டு போனது. இவள் தகரத்தில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள். கடைக்காரன் ஓடி வந்தான்.

"அது கேக்காதுக்கா. சொல்ல மட்டுந்தான் செய்யும்."

"கேக்கத் தெரியாததுக்கு எதுக்குய்யா இத்தாம் பெரிய மண்டை?"

அவன் கோபப்படவில்லை. சிரித்தான். "இதே ரெக்கார்டச் சும்மா ஒரு டப்பாவுல போட்டா எவன் காசு குடுத்துக் கேப்பான்? கண்ணு எரியணும், கை ஆடணும். அப்பத்தான் சனங்க நம்பும்."

மலையேறுகிற பஸ் முழுக்க அவளுக்கு அதே புலம்பல். ரோபோவை வைத்து ஜாதகம் சொல்கிறார்கள், ராக்கெட்டை ஆட்டோ முதுகில் வரைகிறார்கள், அதோடு முடிந்துவிட்டதா என்று கேட்டுக்கொண்டே வந்தாள். "நீங்க மட்டும் என்னவாம்? பச்சைக் கண்ணு வச்ச ஏலியன் குல்லா விக்கிறீங்கள்ல?" என்று என்னையும் சந்தியில் இழுத்தாள். வாஸ்தவம்தான். அந்தக் குல்லா இல்லையென்றால் அந்த சீசனில் நான் ஈ ஓட்டியிருப்பேன். "எல்லாரும் தலையில மாட்டிக்கிட்டுப் போயிர்றாங்க பாய். ஒருத்தருக்குந் தூக்கம் கெடல" என்றாள். பெருமாள்மலை தாண்டியும் அவள் உட்காரவில்லை. சீட் காலியாகத்தான் இருந்தது.

அவளுக்கு மட்டும் ஏன் தூக்கம் கெட்டது என்று சொல்லிவிடுகிறேன். அந்தத் தங்கச்சியை வெள்ளகவியில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். கொடைக்கானலுக்குக் கீழே, ஒற்றையடிப் பாதையில் நடந்தே இறங்க வேண்டிய ஊர். நல்ல மாப்பிள்ளை, காப்பித் தோட்டம், மலைவாழை, குறையொன்றும் இல்லை. ஆனால் கல்யாணத்துக்கு அப்புறம் தங்கச்சிக்கு வலிப்பு வந்தது. மாத்திரையை ஒரு வேளை விட்டாலும் வந்துவிடும். மாத்திரை கொடைக்கானலில்தான் கிடைக்கும். அந்த ஊருக்கு இறங்குகிற ஆள் யாரைப் பார்த்தாலும் இவள் அவர் கையில் ஒரு பொட்டலம் கொடுத்து அனுப்புவாள். நடக்க முடியாத நோயாளியை அங்கே கயிற்றுக் கட்டிலில் படுக்கவைத்து, ஆட்கள் தோள் கொடுத்து மேலே தூக்கி வருவார்கள். தங்கச்சி ஒரு தடவைக்கு மேல் அந்தக் கட்டிலில் வந்திருக்கிறாள். ஆஸ்பத்திரி வாசலில் சுற்றுலாக்காரர்கள் போட்டோ எடுக்க, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு கிடந்ததை நானே பார்த்தேன்.

எங்கள் தெருக்கோடியில் கல்யாண போட்டோக்காரத் தம்பி ஒருத்தன் இருந்தான். அவன் முதன்முதலில் ஒரு மாப்பிள்ளை அழைப்புக்கு ஹெலிகேம் பறக்கவிட்டபோது, நாலு றெக்கையும் கேமராவுமாக அது தலைக்கு மேலே ரீங்காரம் போட்டது. ஊரே அண்ணாந்து பார்த்துக் கை ஆட்டியது. இவள் பந்தியில் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய் அதற்கு நேர் கீழே நின்றாள்.

"ஏலே தம்பி, இது எம்புட்டுத் தூக்கும்?"

"கேமராவத் தூக்கும்க்கா."

"அதக் கழட்டிரு. மாத்திர தூக்குமா?"

அன்றைக்கு எங்கள் நிம்மதி போனது. அவனிடமிருந்து அடிபட்ட பழைய ஹெலிகேம் ஒன்றை நச்சரித்து வாங்கினாள். செல்போன் வேலையெல்லாம் கிடப்பில் போய்விட்டது. போனைக் கொடுத்தவர்கள் என்னிடம் வந்து சண்டை போட்டார்கள், நான் என்னமோ அவளுக்குப் பங்காளி மாதிரி! ஒருநாள் அந்தச் சனியன் பலகைச் சுவரைத் தாண்டி வந்து என் ஸ்வெட்டர் அடுக்கில் விழுந்தது. ஒரு குரங்குக் குல்லாவின் நூல் அதன் றெக்கையில் சுற்றிக்கொண்டு, குல்லா பிரிந்து பிரிந்து கடை முழுக்க நூலாகிவிட்டது. நான் வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவள் நூலைச் சுற்றி எடுத்துக்கொண்டே, "இது நூலையும் இழுத்துக்கிட்டுப் பறக்குது பாய், பாத்தீங்களா? தூக்கும்" என்றாள். யா அல்லாஹ், இவளை என்ன செய்வது!

தூக்கத்தான் செய்தது. ஒரு சின்ன அலுமினியத் தட்டை அதன் அடியில் தொங்கவிட்டாள். தட்டுத்தான் வேண்டும், பை ஆகாது. அதில் பிடிவாதம். கரடுமுரடான இடத்தில் இறங்கும்போது அடிபடாமல் இருக்க அதன் கால்களுக்கு ரப்பர் வைத்தாள். பறக்கவிட அனுமதி வாங்க ஆபீஸ் ஆபீஸாக அலைந்ததை எழுதினால் அது ஒரு தனிக் கதை. வாங்கிவிட்டாள்.

ஐப்பசி மழையில் பாதை சரிந்தது. ஓடை ஒன்று புரண்டு மரங்களைத் தள்ளிக்கொண்டு வந்து வழியை அடைத்துவிட, ஏறவும் ஆள் இல்லை, இறங்கவும் ஆள் இல்லை. தங்கச்சி போன் பண்ணினாள். மாத்திரை தீரப்போகிறது. மறுநாள் வெள்ளனே, மஞ்சு ஏறி மலையை மூடுவதற்குள், போட்டோக்காரத் தம்பியும் அவளும் மலை விளிம்புக்குப் போனார்கள். என்னையும் இழுத்துப் போனாள். ஆள் துணைக்கு என்றாள். என் குடையின் துணைக்கு என்று போன பிறகுதான் தெரிந்தது. தூறலில் மெஷின் நனையாமல் நான் குடை பிடித்தேன், நான் நனைந்தேன்.

தட்டில் மாத்திரைப் பொட்டலம். பக்கத்தில் ஒரு இலைப் பொட்டலத்தையும் வைக்கப் போனாள்.

"அது என்னக்கா?"

"புளிச்சோறு. ரெண்டு வாய்தான்."

"வெயிட் தாங்காதுக்கா. சொன்னாக் கேளு."

அவன் எடுத்து அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்தான். அவள் முகம் சுருங்கியது. அடுத்த நிமிசம், "சரி, வெரசா விடு" என்றாள்.

பறந்தது. அவன் ரிமோட்டில் உள்ள திரையைப் பார்த்துக்கொண்டு ஓட்டினான். இவள் காதில் போனை வைத்துக்கொண்டு நடந்தாள். மறுமுனையில் தங்கச்சி மாப்பிள்ளை. ஊருக்கு மேலே மெஷின் வந்துவிட்டது, கீழே சனம் கூடிவிட்டது, திரையில் தலைகள் தெரிகின்றன. அவள் போனை ஸ்பீக்கரில் போட்டாள். திடீரென்று அங்கே ஒரே கூச்சல். மாப்பிள்ளையின் அப்பா போனை வாங்கினார்.

"தாயி, அதுக்கு அடியில நீலமாத் தெரியுதே, அது என்ன?"

"ரப்பர் மாமா. அடிபடாம எறங்கறதுக்கு."

"ரப்பரா? செருப்பு மாதிரில்ல இருக்கு?"

இவள் முகத்தில் ரத்தமே இல்லை. செருப்புத்தான். தன் பழைய நீலச் செருப்பை அறுத்துத்தான் நாலு காலுக்கும் ஒட்டியிருந்தாள். அந்த ஊருக்குள் செருப்புக் காலோடு யாரும் நடக்கக் கூடாது, ஊரே சாமி மண். இது அவளுக்குத் தெரியாததா? எத்தனை தடவை எல்லையில் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு போய் வந்தவள்! அறுத்த பிறகு அது அவளுக்கு ரப்பராகத்தான் தெரிந்திருக்கிறது. செருப்பாகத் தெரியவில்லை.

"மாமா, நெனப்பில்லாமச் செஞ்சுட்டேன். இந்த ஒரு தரம் எறங்கட்டும் மாமா. தங்கச்சிக்கு மாத்திர." அவள் கெஞ்சி நான் அன்றைக்குத்தான் கேட்டேன்.

"அது சரி தாயி, ஆனா கால்ல செருப்போட எறங்கினா நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆனா ஊரு என்ன சொல்லும்?"

"அக்கா, பேட்டரி போகுது! எறக்கறதா, திருப்பறதா?" என்று தம்பி அலறினான். பாழாய்ப்போன ரப்பருக்குப் பதிலாக என் கடையில் ஒரு துண்டுக் கம்பளி கேட்டிருக்கக் கூடாதா?

பெரியவர் போனை வாயை விட்டுத் தள்ளிப் பிடித்தார். அப்புறம் அவர் குரல் வந்தது, எங்களிடம் பேசுகிற குரல் இல்லை, ஊரிடம் பேசுகிற குரல். "ஏலே, வர்றவுக செருப்பக் கையில தூக்கிட்டு ஊருக்குள்ள வர்றாகள்ல? அது தப்பில்லேல்ல? மண்ணுல படாமத் தூக்கிப் புடிச்சா முடிஞ்சு போச்சு. கட்டிலத் தூக்குங்கடா!"

திரையில் நாங்கள் பார்த்தோம். நாலு பேர் கயிற்றுக் கட்டிலைத் தூக்கி வந்தார்கள். நோயாளியைச் சுமக்கிற அதே கட்டில். ஆளுக்கொரு காலைப் பிடித்துத் தலைக்கு மேல் உயர்த்தி, முகத்தைத் தாழ்த்திக்கொண்டு நின்றார்கள். தம்பி மூச்சைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினான். கட்டில் கயிற்றின் மேல் போய் நின்றது. றெக்கை ஓய்ந்ததும் தங்கச்சி வந்து தட்டிலிருந்து பொட்டலத்தை எடுத்தாள். அவள் கையில் கண்ணாடி வளையல் தெரிந்தது. இங்கே இவள் விளிம்பில் நின்றுகொண்டு, "எடுத்துட்டா, எடுத்துட்டா" என்று என் கையைப் போட்டு அடித்தாள். நான் அழுதுவிட்டேன், மறைக்க என்ன இருக்கிறது.

"வெரசா அனுப்புங்க மாமா, பேட்டரி!" என்றாள்.

"இரு தாயி, வெறுந் தட்டாவா அனுப்புறது? நம்ம வழக்கத்துல உண்டா?"

"ஐயோ, வெயிட்டு!" என்று தம்பி தலையில் அடித்துக்கொண்டான். ஒரு சீப்பு வாழைப்பழத்தை வைக்க வந்தவர்களிடம் பேரம் பேசி ஒரே ஒரு பழத்தில் கொண்டுவந்து நிறுத்தினோம். மெஷின் 'கீ கீ' என்று எச்சரிக்கை போட்டுக்கொண்டே, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து விளிம்பில் விழுந்தது. தட்டில் சின்ன மலைவாழைப்பழம் ஒன்று. அவள் அதை எடுத்துக்கொண்டு ஈரப்பாறையில் உட்கார்ந்தாள். ஆமாம், உட்கார்ந்தாள். மூன்றாகப் பிட்டு எங்களுக்கும் கொடுத்தாள்.

அப்போது போன் மறுபடியும் அடித்தது. பெரியவர்தான். "தாயி, ஒண்ணு கேக்கணும். இது ஆளத் தூக்குமா? கட்டிலோட மேல தூக்கிட்டுப் போகுமா?"

எதைக் கேட்டாலும் 'வந்துரும்' என்று வெட்டிச் சொல்கிறவள், இதற்கு அப்படிச் சொல்லவில்லை. "பாப்போம் மாமா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள்.

கட்டிலில் மெஷின் இறங்கியதை அங்கே யாரோ போனில் பிடித்திருந்தார்கள். அதற்குப் பாட்டுப் போட்டு, வெட்டி ஒட்டி, ஊர் உலகமெல்லாம் அனுப்பிவிட்டார்கள். ஏரிக்கரையில் கட்டில் படம் போட்ட பனியன் விற்றது. வெளியூர்க்காரர்கள் வந்து அவள் கடை முன்னால் செல்ஃபி எடுத்தார்கள். போட்டோக்காரத் தம்பிக்குத் தலைகால் புரியவில்லை. அவளுக்கு மட்டும் அதில் ஒட்டவே இல்லை. பாதை சரியாகிற வரைக்கும் இன்னும் சில தடவை, கம்பளித் துண்டு கட்டின காலோடு மெஷின் போய் வந்தது. மாத்திரை தவறவில்லை.

ஆனாலும் வலிப்பு வந்துவிட்டது. மாத்திரை ஒழுங்காகப் போட்டும், ஓடையில் துணி அலசும்போது தங்கச்சி தண்ணீரில் விழுந்தாள். பின்னால் குடத்தோடு வந்த பெண் பார்த்துத் தலையைத் தூக்கிப் பிடித்ததால் பிழைத்தாள். டாக்டர் மாத்திரையை மாற்றிக் கொடுத்தார். இங்கே அழைத்து வந்துவிடு என்று நான் எவ்வளவோ சொன்னேன். "வர மாட்டேங்குறா பாய். புருசன், தோட்டம், புள்ளை எல்லாம் அங்க. கட்டில்ல கெடத்தித் தூக்கிட்டு வந்ததுல அவளுக்கு வெக்கமாப் போச்சு. இனிமே செத்தாலும் அதுல ஏற மாட்டேன்னு இருக்கா" என்றாள். அதற்கப்புறம் பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் நடை இன்னும் கூடிப்போனது. கேட்கக் கேட்க எனக்குக் கால் வலித்தது.

பங்குனியில் ஒரு பள்ளிக்கூடத்து ஆண்டு விழாவில் இதையே நாடகமாகப் போட்டார்கள். அவளைக் கூப்பிட்டு முன்வரிசையில் நாற்காலி போட்டிருந்தார்கள். அவள் ஓரமாகத் தூணில் சாய்ந்து நின்றாள். பிள்ளைகள் கதையை அவர்கள் இஷ்டத்துக்கு மாற்றிவிட்டார்கள். மாத்திரை இல்லை, மெஷின் இல்லை. கட்டிலே பறந்தது. தெர்மாகோல் றெக்கை, ஜிகினாத் தாள், சீரியல் பல்பு. கறுப்புத் துணி போர்த்திய பிள்ளைகள் அடியிலிருந்து தூக்கிக்கொண்டு ஓட, மேலே ஒரு சிறுமி நோயாளியாக ராணி மாதிரி சாய்ந்து படுத்துக்கொண்டு சனங்களுக்கு டாட்டா காட்டினாள். டாக்டருக்கு என்னத்துக்கோ பச்சைக் காது. முகத்தை மூடிக்கொள்கிற நோயாளி யாரும் அந்த நாடகத்தில் இல்லை. கைதட்டல் அடங்க வெகு நேரமானது.

அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். கண் நிறைந்திருந்தது. "சொல்லிட்டாங்க பாய். பொய்யச் சொல்லிட்டாங்க. எம்புட்டு நல்லாச் சொல்லிட்டாங்க! இனி வந்துரும்."

மறுநாள் காலையில் நான் கடை திறக்கும்போது அவள் கடையைப் பூட்டிச் சாவியை என் கையில் வைத்தாள். முதுகில் ஒரு பை.

"என்னம்மா, சோலியாப் போறியா?"

"கீழ போறேன் பாய். இனி அங்கதான். கடைய யாருக்காச்சும் விட்டுருங்க."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "கிறுக்குப் புடிச்சிருக்கா? ஒரு எடத்துல நிக்க மாட்டே, அந்தக் காட்டுல போயி என்ன செய்வே? நேத்துத்தான சொன்ன, ஆளத் தூக்குறதும் இனி வந்துரும்னு?"

"வரும் பாய். கண்டிப்பா வரும்." பை வாரை இழுத்துச் சரிசெய்தாள். "அது வர்ற வரைக்கும் அவ தலையப் புடிக்க ஒரு ஆளு வேணும்ல?"

கேட்டுவிட்டு என் பதிலுக்கு நிற்கவில்லை.